நாற்காலி வேலையும் தொப்பையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். கணக்குப் பிரிவில் வேலை, பதினேழு வருடமாக. ஒருநாள் இதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஸ்ஸில் போக வர இரண்டேகால் மணி நேரம், ஆபீஸ் நாற்காலியில் எட்டரை, வீட்டுக்கு வந்து டிவி முன்னால் ஒன்றரை. ஆக பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே கழிகிறது, மிச்சத்தில் பாதிக்கு மேல் தூக்கம். 165 செ.மீ. உயரத்துக்கு 79 கிலோ வரை ஏறி, ஒன்றரை வருடத்தில் 71க்கு வந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஆபீஸிலும் பஸ்ஸிலும் கேட்பவர்கள் கேட்டதையே கேட்பதால் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. சுகர், பிரஷர், நெஞ்சு வலி, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் இதைப் படிக்கலாம், செய்வதற்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எடை குறைய நடக்கணுமா, சாப்பாட்டைக் குறைக்கணுமா?

இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் நான் செய்த முதல் தப்பு. எடை பெரும்பாலும் வாயில்தான் குறையும், தெம்பு காலில்தான் வரும். அது வேறு லெட்ஜர், இது வேறு லெட்ஜர்.

70 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 60 கலோரி செலவாகும். ஒரு மெதுவடை எப்படியும் 100க்கு மேல். அதாவது ஒரு வடைக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், சட்னி கணக்கில் சேரவில்லை. இது தெரியாமல் ஆரம்பத்தில் மூன்று மாதம், ஆபீஸ் முடிந்ததும் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போய்விடுவேன். சாயந்திரம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டி விடமாட்டார்கள், ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர், நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் கிடையாது. இரண்டு நடை போய்விட்டு, "இவ்வளவு நடந்தாச்சே" என்று காந்தி சிலை பக்கம் இரண்டு பஜ்ஜியும் ஒரு டீயும். மூன்று மாதம் முடிந்து மெஷினில் ஏறினால் ஒரு கிலோ கூடியிருந்தது. கடலோரக் காற்றுக்குப் பசி வேறு நன்றாக எடுக்கும்.

அப்போ நடக்கவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. நடப்பதை எடைக்காக என்று மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் சலித்துவிடும், மெஷின் முள் அசையாதே. இதயம், ரத்தச் சர்க்கரை, தூக்கம், மனசு இதற்கெல்லாம் நடை வேண்டும், எடை குறைகிறதோ இல்லையோ.

லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் பஸ் ஊழியர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி 1953இல் வெளியானது. அங்கே மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் நாள் முழுக்க டிக்கெட் போட்டுக்கொண்டு படியேறி இறங்குவார். ஊர் ஒன்று, கம்பெனி ஒன்று, சம்பளமும் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. அப்புறம் யூனிபார்ம் பேன்ட் அளவுகளை எடுத்துப் பார்த்தால் டிரைவர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்தது, ஒருவேளை வேலைக்குச் சேரும்போதே அவர்கள் கொஞ்சம் பருமனாக இருந்தார்களோ என்ற கேள்வியும் அதனால் எழுந்தது. என்ன இருந்தாலும் உட்காருகிற வேலை உடம்புக்கு ஆகாது என்று எண்ணிக்கையோடு காட்டிய முதல் ஆராய்ச்சிகளில் அது ஒன்று. தவளக்குப்பம், அரியாங்குப்பம் கூட்டத்தில் ஒருக்களித்துக்கொண்டே முன்னுக்கும் பின்னுக்கும் போய் வருகிற நம்ம பஸ் கண்டக்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் கடை கடையாக நின்று நடப்பது இதில் வராது. நான் செய்தது, காலையில் பஸ் ஸ்டாண்ட் வரை போகாமல் முதலியார்பேட்டையிலேயே இறங்கி நடந்தேன், நேரு வீதிப் பக்கம் உள்ள ஆபீஸுக்கு அரை மணிக்கு மேல் ஆகும். அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை என்பதால்தான் இன்னும் ஓடுகிறது. 10,000 அடி கட்டாயமா என்று கேட்பார்கள். அந்த எண் 1960களில் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது, டாக்டர் எழுதிக் கொடுத்ததில்லை. 3,000 நடப்பவர் 6,000 நடந்தாலே நல்ல பலன் உண்டு.

11 மணி டீயை விட முடியவில்லையே?

விட வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

எங்கள் ஆபீஸில் 11 மணிக்கு ஃபிளாஸ்க் சத்தம் கேட்கும். டீ கொண்டுவருபவர் ஒரு கையில் கண்ணாடி டம்ளர்களைக் கோத்துக்கொண்டு, இன்னொரு கையில் வடைப் பொட்டலத்தோடு வருவார். பேப்பரைப் பிரித்தால் வடைக்கு அடியில் இருக்கும் எழுத்தெல்லாம் எண்ணெயில் நனைந்து பின்பக்கத்துச் செய்தியும் சேர்ந்து தெரியும். அந்தப் பேப்பரைத்தான் நான் ஒருநாள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடையைப் பேப்பரில் வைத்து அழுத்தி எண்ணெயை எடுத்துவிட்டுச் சாப்பிடுவது ஆபீஸ் வழக்கம், அதனால் மனசாட்சிதான் கொஞ்சம் இளைக்கும்.

டீ கணக்கு இப்படி. நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு 5 கிராம் வைத்தாலும் 40 கிராம். அது 160 கலோரி. மாதம் 26 வேலை நாள் என்றால் 4,160. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய தோராயமாக 7,700 கலோரி குறைய வேண்டும் என்பார்கள், அப்படியானால் சர்க்கரை மட்டுமே மாதத்துக்கு அரைக் கிலோ. நடைமுறையில் உடம்பு இவ்வளவு நேர்கோட்டில் போகாது, பசி கூடும், செலவு குறையும், ஆனாலும் எந்தப் பக்கம் ஓட்டை என்று இந்தக் கணக்கு காட்டிவிடும். நான் இரண்டு ஸ்பூனை ஒன்றாக்கி, பிறகு அரையாக்கி, நாலு டீயை இரண்டாக்கினேன். முதல் பத்து நாள் கஷாயம் மாதிரி இருந்தது. இப்போது யாராவது சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தால் குடிக்க முடியவில்லை.

வீட்டு எண்ணெயும் இதே கதைதான். நாலு பேருக்கு மாதம் நாலு லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம், இப்போது இரண்டரை. மனைவி தாளிக்கிற கரண்டியைச் சின்னதாக மாற்றியதும், வாரம் மூன்று முறை பொரித்ததை ஒரு முறையாக்கியதும்தான் வித்தியாசம். சமையலில் வேறு எதுவும் மாறவில்லை, பிள்ளைகளுக்குத் தெரியக்கூட இல்லை.

சோற்றை நிறுத்தணுமா? சப்பாத்தி, கேழ்வரகு, சிறுதானியம் என்கிறார்களே?

கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், அதற்காகச் சாப்பிடுங்கள். ஆனால் மாவாக எடை போட்டுப் பார்த்தால் அரிசிக்கும் அதற்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. நாலு சப்பாத்தியும் குருமாவும் சாப்பிட்டுவிட்டு "சோறு தொடவில்லை" என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்வது.

வெந்த சோறு 100 கிராம் சுமார் 130 கலோரி. நான் டிபன் கேரியரில் அடுக்கை மட்டும் மாற்றினேன். முன்பு பெரிய அடுக்கில் சோறு, சின்ன அடுக்கில் பொரியல். இப்போது பெரிய அடுக்கில் கீரையோ அவரைக்காயோ, சின்ன அடுக்கில் சோறு. அள்ளி வைத்ததைத்தானே சாப்பிடப்போகிறோம், ஆபீஸில் மறுசோறு கேட்க ஆள் இல்லை. வெளியே சாப்பாடு வாங்குபவர்களுக்குத்தான் கஷ்டம், அளவில்லாச் சாப்பாடு என்று போர்டு இருந்தால் நம் கையும் அளவில்லாமல்தான் போகும். பொரியலை முதலில் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சாம்பாருக்குப் போங்கள்.

முக்கியமாக, சாப்பிட்டதும் உட்காராதீர்கள். பத்து நிமிடம் நடந்தால்கூட சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரை குறைவாக ஏறும், தசை அதை எடுத்துக்கொள்ளும். வெயிலில் போக வேண்டாம், வராந்தா போதும்.

புரதம், புரோட்டீன் பவுடர்?

நம் சாப்பாட்டில் குறைவது இதுதான். பவுடர் எல்லாம் இரண்டாம் பட்சம். உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால் 70 கிலோ ஆளுக்கு 70 கிராம். காலை நாலு இட்லி, மதியம் சோறு ரசம், ராத்திரி தோசை என்று ஓட்டினால் அதில் பாதியைத் தாண்டுவதே பெரிய பாடு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு. கடலூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு புரதத்துக்கு டப்பா வாங்குவானேன். மத்தியும் நெத்திலியும் விலை மலிந்த நாளில் வாங்கிக் குழம்பு வையுங்கள், வறுவல்தான் வேண்டும் என்றால் தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுங்கள். சைவம் என்றால் சுண்டல், பாசிப்பயறு, தயிர், பருப்பு. புரதம் சேர்ந்தால் நாலு மணிக்கு வயிறு கிள்ளுவது குறையும், எனக்கு அந்த நாலு மணிதான் எமன். பண்ருட்டி முந்திரி நல்லதுதான், ஆனால் பத்துப் பருப்போடு டப்பாவை மூடிவிடுகிறவர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆபீஸில் எப்படி எழுந்து நடப்பது? மேனேஜர் பார்க்கிறாரே.

தண்ணீரை வைத்துச் சமாளிக்கலாம். ஒரு லிட்டர் பாட்டிலை மேஜையில் வைக்காதீர்கள், டம்ளர் வையுங்கள். குடிக்க எழ வேண்டும், குடித்ததற்கு இன்னொரு முறை எழ வேண்டும், அதை எந்த மேனேஜரும் கேட்க முடியாது. போன் வந்தால் நின்று பேசுங்கள். பக்கத்து செக்‌ஷனுக்கு மெசேஜ் அனுப்பாமல் நேரில் போங்கள், வேலையும் சீக்கிரம் முடியும். அரை மணிக்கொரு முறை இரண்டு நிமிடம் என்பது நல்ல அளவு. மாடிப்படி இருந்தால் லிப்டை மறந்துவிடுங்கள்.

ஜிம்மில் சேரலாமா?

சேர்ந்தால் போகணும். நான் ஆறு மாதத்துக்குப் பணம் கட்டிப் பதினோரு நாள் போனேன்.

வீட்டிலேயே தண்டாலும் பஸ்கியும் போதும். தண்டால் தரையில் வராவிட்டால் சுவரில் கை ஊன்றி எடுங்கள், அப்புறம் கட்டில் விளிம்பு, அப்புறம் தரை. பஸ்கி தெரியாது என்பவர்கள் நாற்காலியில் உட்காரப்போய் உட்காராமல் எழுந்திருங்கள். பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணமும் கிட்டத்தட்ட அதுதானே. வாரம் மூன்று நாள், இருபது நிமிடம். முப்பது வயதைத் தாண்டினால் பயன்படுத்தாத தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்குபவர்களுக்குக் கொழுப்போடு தசையும் போய்விடும். முகம் ஒட்டி, "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி.

என் எடை சரியா என்று எப்படித் தெரியும்?

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். உலகப் பொதுக் கணக்கில் 25 வரை சரி என்பார்கள். நமக்கு அது பொருந்தாது. நம் ஆட்கள் கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் என்ற வகை, சர்க்கரை நோய் சீக்கிரம் வரும், அதனால் இந்தியர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். என் 165 செ.மீ.க்கு 23 என்றால் 62 கிலோ சொச்சம். 79இல் நான் 29. 71க்கு வந்தும் 26, ஆக நானே இன்னும் பரீட்சையில் பாஸாகவில்லை.

இடுப்பளவு இன்னும் நேர்மையானது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. டேப் இல்லையா, உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து பாதியாக மடியுங்கள், அது வயிற்றைச் சுற்றி வர வேண்டும். என் விஷயத்தில் இதைச் சொன்னது அரைஞாண் கயிறு. நாலு வருடத்தில் மூன்று முறை மாற்றினேன், கறுப்புக் கயிறு தரம் குறைந்துவிட்டது, சுருங்குகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை கடைக்காரர் முழத்தை நீட்டி அளக்கும்போது, "அண்ணே, போன தடவை இதைவிட நாலு விரல் குறைச்சல்தானே வாங்கினீங்க" என்றார். எந்த டாக்டரும் அவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை.

அண்ணா, காலை நாலரைக்கு எழுந்து சமையல், அப்புறம் ஆபீஸ், திரும்பி வந்தும் சமையல், பாத்திரம். இதற்கு மேல் நடக்கவும் சொல்கிறீர்களா? அப்படியும் எடை ஏறுகிறதே?

எங்கள் ஆபீஸ் தங்கை ஒருவர் கேட்டது. சட்டென்று பதில் வரவில்லை, வீட்டில் கேட்டேன். மனைவி சொன்னது: "பிள்ளை மிச்சம் வைச்ச அரை தோசை, உங்க தட்டுல ஒதுக்குன கூட்டு, ராத்திரி பாத்திரத்துல ஒட்டியிருக்கற சாதம், எல்லாம் வீணாகக் கூடாதுன்னு யார் வாயில போகுது?" நின்றுகொண்டே சாப்பிட்டதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவதில்லை. அதை அப்படியே எடுத்து வையுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம், இல்லை மாட்டுக்கு.

இரண்டாவது தூக்கம். ஐந்து மணி நேரம் தூங்கினால் மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும், இது மன உறுதிக் குறைவு இல்லை, உடம்பின் சுரப்பிகள் செய்கிற வேலை. அவருக்கு நான் சொன்னது நடை இல்லை, ராத்திரிப் பாத்திரத்தைக் கணவரிடம் கொடுத்துவிட்டு அரை மணி முன்னால் படுங்கள் என்பதுதான். மூன்றாவது, காரணமே இல்லாமல் எடை ஏறி, அசதி, முடி கொட்டுவது, மாதவிலக்கு தள்ளிப்போவது என்றிருந்தால் தைராய்டும் பிசிஓடியும் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் டயட்டில் இறங்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம்…?

முடிக்க வேண்டாம், புரிந்துவிட்டது. கடலூர்க்காரர்கள் எதற்காக எல்லை தாண்டிக் கன்னியக்கோயில் பக்கம் வருகிறார்கள் என்று எனக்கும் தெரியும். 60 மில்லி விஸ்கி, பிராந்தி எதுவானாலும் 140 கலோரி அளவு. 650 மில்லி பீர் பாட்டில் 250க்கு மேல், ஸ்ட்ராங் என்றால் இன்னும் கூட. அதைவிடப் பெரிய ஆபத்து சைடு டிஷ். சிக்கன் 65, மிக்சர், கடைசியில் "வயிறு காலியா போகக்கூடாது" என்று இரண்டு பரோட்டா. ஐந்து நாள் சிறுகச் சிறுகச் சேமித்தது ஒரே ராத்திரியில் செலவாகிவிடும். குறையுங்கள் என்றுதான் சொல்வேன், நிறுத்தினால் ஈரலுக்கும் நல்லது.

கொள்ளு, கிரீன் டீ, வெந்நீரில் தேன்?

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது சரிதான், கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் உண்டு, ரசம் வையுங்கள், சுண்டல் செய்யுங்கள். கொழுப்பைக் கரைக்கும் மந்திரம் அதில் இல்லை. கிரீன் டீயில் சர்க்கரை போடுவதில்லை என்பதுதான் அதன் பெருமை. தேனும் சர்க்கரைதான்.

எடை குறைக்கும் ஊசி வந்திருக்கிறதாமே?

2025இல் இந்தியாவில் மவுன்ஜாரோ, வீகோவி எல்லாம் விற்பனைக்கு வந்தன. பசியைக் குறைத்து வேலை செய்பவை, வேலையும் செய்கின்றன. யாருக்கு வேண்டும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். நாலு கிலோ இறக்க, யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போடுகிற சமாசாரம் இல்லை.

மே மாத வெயில், ஐப்பசி மழை. இந்த ஊரில் எப்படித் தொடர்ந்து நடப்பது?

கத்திரி வெயிலில் காலை ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். நம் கடலோரத்தில் சூட்டைவிடப் புழுக்கம் மோசம், வியர்வை காயாது, உடம்பு குளிராது. மயக்கம் மாதிரி வந்தால் வீரம் காட்டாமல் நிழலில் உட்காருங்கள்.

மழைதான் என்னை அடித்தது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது தெருவெல்லாம் தண்ணீர், நடை நின்றது. தண்ணீர் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது, நான் திரும்ப நடக்க ஆரம்பித்தது பிப்ரவரியில். நடுவில் பொங்கல் வேறு. மழைக்கு என்று தனியாக ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நான் ஆபீஸ் மாடிப்படியில் ஏறி இறங்குகிறேன், வாட்ச்மேன் முதல் நாள் எதைத் தொலைத்தீர்கள் என்று கேட்டார்.

நேற்றைவிட இன்று ஒரு கிலோ கூட. ஏன்?

தண்ணீர். நேற்று ஊறுகாயோ அப்பளமோ கருவாட்டுக் குழம்போ சாப்பிட்டிருப்பீர்கள், உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். தினமும் ஏறிப் பார்த்து நொந்துபோகாமல் வாரத்தில் ஒருநாள், காலையில், வெறும் வயிற்றில். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். அவசரமாக இறக்கினால் பித்தப்பைக் கல் வரக்கூடும்.

இப்போது உங்கள் எடை எவ்வளவு?

73. தீபாவளிக்கு மாமியார் வீட்டிலிருந்து ஒரு தூக்கு அதிரசம் வந்தது.